வண்டி நிற்காத வீடு

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி என்றால் தலைக்கட்டுக்கு ஒரு விறகு. கல்யாணமாகித் தனிக் குடும்பம் நடத்துகிற ஒவ்வொரு ஆண்பிள்ளையும் ஒரு தலைக்கட்டு. தீமிதிக்கு முதல் நாள், பம்பை அடிப்பவர்கள் முன்னால் போக, மாட்டு வண்டி தெருத்தெருவாக வரும். வாசலுக்கு வாசல் நிற்கும். வீட்டுக்காரர் ஒரு விறகைத் தூக்கி வண்டியில் போடுவார், அவர் சம்சாரம் மாட்டின் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவாள், வண்டி நகரும். மறுநாள் எல்லார் வீட்டு விறகும் ஒரே குழியில் எரிந்து நெருப்பாகும். காப்புக் கட்டியவர்கள் அதில் இறங்குவார்கள்.

கிழக்குத் தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் வண்டி நிற்காது. அது என் அக்கா ராஜாமணியின் வீடு. பம்பைச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே அக்கா ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவாள். மாமா மட்டும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டி ஓட்டுகிற உத்திராபதி அந்த இடம் வந்ததும் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவான். மாமாவின் முகத்தைப் பார்க்க மாட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஊர் சொன்ன இடத்தில் நிறுத்துகிறவன் அவன்.

நான் ஞானசேகரன். காடாம்புலியூர் கடைத்தெருவில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் என் குழாய்தான் கத்தும். கத்துகிற தொழிலில் இருப்பதால் எனக்கும் மெதுவாகப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாவைப் பற்றிப் பேசும்போது சத்தம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

மாமா பெயர் பக்கிரிசாமி. ஊருக்கு அவர் 'மிலிட்டரி'. பிறந்தது பர்மாவில், பெகு பக்கம். அப்பா அரிசி மில்லில் வேலை. அங்கே இவர்களைக் 'கலா' என்பார்களாம், வெளியாள் என்று அர்த்தம். நாட்டைவிட்டுக் கிளம்பச் சொன்னபோது கப்பலடியில் அவர் அம்மாவின் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அப்பா கப்பலிலேயே காய்ச்சலில் விழுந்து, இங்கே வந்து முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். போகுமுன் "நம்ம ஊரு புவனகிரி பக்கம்" என்று மட்டும் சொன்னாராம். எந்த ஊர் என்று சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை. மீசை முளைக்காத பிள்ளைக்கு அதெல்லாம் கேட்கத் தோன்றுமா?

அம்மாவும் பிள்ளையும் கடலூர் முதுநகரில் வந்து ஒண்டினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார் மாமா. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் வரிசையில் போய் நின்றார். "மூணு வேளையும் சோறு போடுவாங்கன்னாங்க மச்சான். நாட்டுப்பற்றெல்லாம் சாப்ட்ட பெறவுதான் வந்திச்சி" என்பார். எங்கப்பா அவரைப் பார்த்தது ஒரு ரயில் பயணத்தில். லீவில் வந்த சிப்பாய் தன் இடத்தை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான் என்று அதையே பேசிக்கொண்டிருந்தார். ஊர் பேர் தெரியாதவனுக்கா பெண் கொடுப்பாய் என்று பெரியப்பாக்கள் குதித்தார்கள். "கவர்மெண்டே அவன நம்பி துப்பாக்கி குடுத்திருக்கு, நான் பொண்ணு குடுக்கக் கூடாதா?" என்று ஒரே வார்த்தையில் முடித்தார் அப்பா.

எண்பத்தேழில் அமைதிப்படை யாழ்ப்பாணம் போனபோது மாமாவும் போனார். காயம்பட்ட ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு வரும்போது கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பெல்ட்டைக் கழற்றித் தானே கட்டிக்கொண்டு, கீழே விழுந்தவனையும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தபடி ரோடு வரைக்கும் தவழ்ந்தே வந்திருக்கிறார். எங்கள் ஊர்க் கூத்தில் பீமன் வேஷக்காரனிடம் கொடுத்தால் இதை விடிய விடிய ஆடுவான். மாமா சொன்னது இவ்வளவுதான்: "வெடிச்சிது. கட்டிக்கிட்டேன். வந்துட்டேன்." அவர் தூக்கி வந்தவன் இன்னும் வருஷா வருஷம் பொங்கலுக்கு போன் செய்கிறான்.

புனேயில் செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். வேறு எங்கே போவார்? ஊரில் என்ன மாலையா போட்டார்கள்? டீக்கடையில் ஒருத்தன் எல்லார் முன்னாலும், "அங்க போயி நம்ம ஜனத்தயே சுட்டியாமே?" என்று கேட்டான். மாமா டீயைக் குடித்து முடித்துவிட்டு, "நான் பேசுற பாஷயதான் அவுங்களும் பேசுனாங்க. அத நெனைக்காத நாளு இல்ல. நீ புதுசா நெனப்பு காட்ட வாணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அதற்கப்புறம் அந்தக் கடைப்பக்கம் ரொம்ப வருஷம் போகவில்லை. ஆனால் அதே ஆட்களுக்கு மாசம் பிறந்தால் மாமா ஞாபகம் வந்துவிடும். கடலூர் ராணுவ கேன்டீனில் அவருக்கு மலிவாகக் கிடைக்கிற சரக்கு அப்படி. கேட்க வரும்போது எல்லாருக்கும் அவர் 'மாமா'தான்.

மேட்டு நிலம் கொஞ்சம் வாங்கினார். தானே குழி எடுத்து முந்திரி வைத்தார். செம்மண்ணில் செயற்கைக் கால் புதைந்து புதைந்து போகும். பழைய சைக்கிள் டயரை வெட்டிப் பாதத்துக்கு அடியில் கட்டிக்கொண்டு, குடத்தைத் தோளில் வைத்து, செடி செடியாகத் தண்ணீர் ஊற்றினார். முதலில் வைத்த செடி வரப்போரத்தில் இருந்தது. அதை மட்டும் 'பெரியவன்' என்பார்.

ஊருக்கு வந்த புதிதில் ஒரு தீமிதிக்கு, வண்டி நிற்காது என்று தெரியாமல், விறகோடு வாசலில் நின்றிருக்கிறார். வண்டி போய்விட்டது. மறந்துவிட்டார்கள் போல என்று அவரே அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மரியாதையாக வாங்கித் தனியாக வைத்தார்கள். அந்த விறகு குழிக்குப் போகவில்லை. கூத்துக்காரர்களுக்குச் சோறு பொங்க அடுப்பில் போனது.

தர்மகர்த்தா தில்லைநாதன் அன்று பக்குவமாகத்தான் சொன்னார். "நீங்க எங்க ஊட்டு மாப்ள. மாப்ளைக்கு இங்க விருந்துதான் உண்டு, தலக்கட்டு கெடையாது. ஒங்க தலக்கட்டு ஒங்க அப்பாரு ஊர்ல இருக்கும். அங்க குடுங்க."

"அப்பாரு ஊரு எதுன்னு தெரியாதே மாமா."

"அதுக்கு நாங்க இன்னா பண்ண முடியும்?"

உண்மைதான், அவர் என்ன பண்ண முடியும்? ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு விறகு! எங்கள் பக்கம் விறகுக்கு என்ன மரியாதை? முந்திரிக்காட்டில் காலில் இடறும்.

வண்டி வந்துபோன பிறகும் சில பேர் விறகு போடாமல் இருப்பார்கள். வெளியூர் போயிருப்பார்கள், இல்லை பங்காளிச் சண்டையில் முறுக்கிக்கொண்டு இருப்பார்கள். தீமிதி அன்று காலையில் அவர்கள் பெயரை என் மைக்கில் சொல்வோம். "வடக்குத் தெரு இன்னார், இன்னும் வெறகு வரல." அவ்வளவுதான். பெயர் காற்றில் வந்ததும் அந்த வீட்டுப் பெண்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள், ஆண்பிள்ளை விறகோடு ஓடி வருவான். ஊரே சிரிக்கும். ஒரு முறை மாமா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "குடுத்து வச்சவனுங்க" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு சிதம்பரத்தில் ஒரு வங்கியில் காவலாளி வேலை கிடைத்தது. இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வாசலில் நிற்க வேண்டும். கீழ வீதிப் பக்கம் ஒரு அறையில் தங்கிக்கொண்டு, வார லீவில் வடலூர் வழியாக ஊருக்கு வந்து போவார். சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆருத்ரா தரிசனம் வேறு, அதற்காக மாமா அந்த வாரம் ஊருக்கு வராமல் அங்கேயே இருந்தார். கோயில் கூட்டம் தெருவில் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போதே கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கமிருந்து ஈரத்துணியோடு ஜனங்கள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். மத்தியானம் கடைக்கு போன் வந்தது.

"மச்சான், ரெண்டு கொழா, ஆம்ப்ளிஃபயரு, ஜெனரேட்டரு, இருக்கறத ஏத்திகிட்டு கெளம்பி வா. இங்க ஒரு கல்யாண மண்டபம் பூரா ஜனம். யாரு யாரத் தேடுறாங்கன்னே தெரியல."

போனேன். மண்டபம் முழுக்கப் பாய். கட்டின துணியோடு வந்தவர்கள், பிள்ளையைக் காணாதவர்கள், எதிலும் கவனமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள். செட்டைப் பூட்டி முடித்ததும் உதவிக்கு வந்திருந்த ஒரு கல்லூரிப் பையன் மைக்கை வாங்கி, "அகதிகள் எல்லாரும் வரிசையா சாப்பிட வரவும்" என்றான். நல்ல பையன்தான், தெரியாமல் சொன்னான். மாமா அவன் கையிலிருந்து மைக்கை வாங்கி அணைத்தார்.

"தம்பி, அந்த வார்த்தய வுட்டுடு. இவுங்களுக்குப் பேரு இருக்கு, ஊரு இருக்கு. ஊரு கடலுக்குள்ளயே போனாலும் ஊரு ஊருதான்."

அப்புறம் அவரே பாய் பாயாகக் குனிந்து பெயரும் ஊரும் கேட்டு வந்து என் காதில் சொல்வார், நான் மைக்கில் சொல்வேன். செயற்கைக் காலோடு அத்தனை பாய்க்கும் குனிந்து எழுந்தார். சாயந்திரம் ஒரு பெண்ணின் பெயரையும் ஊரையும் சொல்லி முடிக்கவில்லை, தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருத்தன் "என் சம்சாரம், என் சம்சாரம்" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடி வந்தான். நான் அழுதுவிட்டேன். அதை மறைப்பானேன்? மைக் திறந்திருந்ததால் நான் அழுததும் தெரு முழுக்கக் கேட்டது.

டீ குடிக்கப் போனபோதுதான் மாமா அதைச் சொன்னார். "எங்கள ஒரு கொட்டாயில உக்கார வச்சிருந்தாங்க மச்சான். 'பர்மா, எழுந்து வா'ன்னுதான் கூப்புடுவாங்க. அத்தினி பேரும் எழுந்துக்குவோம். எங்கப்பாவ இந்த மண்ணுல ஒருத்தருகூட பேர் சொல்லிக் கூப்புடல. பொணத்த எடுக்கும்போதுகூட, பர்மாவத் தூக்குன்னுதான் சொன்னாங்க."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த 'குடுத்து வச்சவனுங்க' புரிந்தது.

அடுத்த தீமிதிக்கு முன்னால் நானே அவரைத் தில்லைநாதனிடம் இழுத்துக்கொண்டு போனேன். தில்லைநாதன் கெட்டவர் இல்லை. ஊர்க் கட்டுப்பாட்டை முட்டையைப் போல் கையில் வைத்துக்கொண்டிருப்பவர், எங்கே உடைந்துவிடுமோ என்று பயம். யோசித்து ஒரு வழி சொன்னார். அப்பா ஊர்க்காரர்கள் யாராவது வந்து, இவர் எங்கள் ஆள்தான், உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டால் தலைக்கட்டு இங்கே வந்துவிடும். அதற்கு மட்டும் முன்னோர் வழக்கம் உண்டு.

அதிலிருந்து மாமாவின் ஞாயிற்றுக்கிழமைகள் புவனகிரி பக்கம் போயின. வெள்ளாற்றங்கரையில் ஊர் ஊராக இறங்கி, பர்மாவுக்குப் போனவர்கள் இங்கே உண்டா என்று விசாரித்தார். இருப்பதிலேயே நல்ல உடுப்பு என்று வங்கிக் காவலாளி யூனிஃபாரத்தையே போட்டுக்கொண்டு போவார். பேங்க்காரன் பயிர்க் கடனுக்கு ஜப்தி செய்ய வந்துவிட்டான் என்று ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஓர் ஊரில் முழுத் தெருவும் காலி. அவர் எதற்கு வந்தார் என்பது தெரிவதற்குள் பஸ் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பாக இருந்தது, அக்காவுக்கு இல்லை.

வேட்டி கட்டிக்கொண்டு போன பிறகு ஓர் ஊரில் உட்கார வைத்துப் பேசினார்கள். பர்மாவுக்குப் போன குடும்பம் இருந்ததாம். "ஒங்க கொலதெய்வம் எது?" என்று கேட்டார் ஒருவர்.

"அய்யனாரு."

"எந்த அய்யனாரு?"

மாமாவுக்குத் தெரியவில்லை. அப்பா பெகுவில் ஒரு கல்லை நட்டு அய்யனார் என்று கும்பிட்டார், அவ்வளவுதான் தெரியும். எங்கள் ஜில்லாவில் அய்யனார் இல்லாத ஏரிக்கரை உண்டா? அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அதோடு நிறுத்திவிட்டார். "ஒவ்வொரு ஊர்லயும் போயி, நான் ஒங்க ஆளான்னு கேக்கறது இருக்கே மச்சான், கால் போன அன்னிக்கிகூட இவ்ளோ வலிக்கல" என்றார். அதற்கப்புறம் நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வண்டி வந்துகொண்டிருந்தது, தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அறுபது வயதில் வங்கி வேலை முடிந்து முழு நேரமும் முந்திரிக்காட்டுக்கு வந்தார். நிம்மதியாக ஒரு மகசூல் எடுத்தார். அடுத்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் வந்தது.

அந்தக் காலையை எப்படிச் சொல்வது? கதவைத் திறந்து வெளியே வந்தால் எல்லாம் வெளிச்சமாக இருந்தது. மரம் இருந்தால்தானே நிழல்? எங்கள் ஊரிலிருந்து நெய்வேலிப் புகைபோக்கிகள் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முந்திரி, பலா எல்லாம் வேரோடு ஒரே திசையில் படுத்திருந்தன. தாத்தா வைத்த பலாமரத்தைக் கட்டிக்கொண்டு ஆம்பிளைகள் அழுதார்கள். கரண்டு இல்லை, தண்ணீர் இல்லை, ரோட்டைக் காணோம்.

மாமாவின் காட்டில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. பெரியவனும் வரப்பில் குறுக்கே கிடந்தான். மாமா கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்றார். கையால் அடிமரத்தைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம் திரும்பி, தெருவில் பித்துப் பிடித்ததுபோல் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. என் குழாயெல்லாம் அதற்குப் பிச்சை வாங்க வேண்டும்.

"அழுவுறது அப்பறம்! அரிவா இருக்கறவன் இந்தப் பக்கம், கயிறு இருக்கறவன் அந்தப் பக்கம். வெட்டறவன் வெட்டட்டும், இழுக்கறவன் இழுக்கட்டும். மெயின் ரோடு வரைக்கும் வழி வுடணும், நடங்க!"

நடந்தார்கள். யாரும் நீ யார் சொல்வதற்கு என்று கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்துபோகிற அளவுக்கு வழி கிடைத்துவிட்டது. அடுத்து என் பக்கம் திரும்பினார். "ஒன் ஜெனரேட்டர எடு மச்சான்." பாட்டுப் போடுகிற ஜெனரேட்டரைத் தண்ணீர்த் தொட்டி மோட்டாரில் பூட்டினோம். கரண்டு வருகிற வரைக்கும், வாரக்கணக்கில், அதுதான் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. எந்தத் தெரு எப்போது பிடிக்க வேண்டும் என்று மாமா முறை வைத்தார். கடைக்கோடித் தெரு முதலில், தன் தெரு கடைசியில். தில்லைநாதனும் குடத்தோடு வரிசையில் நின்றார், கேன்டீன் சரக்குக்காரர்களும் நின்றார்கள், டீக்கடையில் கேட்டவனும் நின்றான். ஓடி ஓடி மாமாவின் கால் முனை வீங்கிப் புண்ணாகிவிட்டது. துணியைச் சுற்றிக் காலை மாட்டிக்கொண்டு மறுபடியும் போய் நிற்பார். "ஒங்ககிட்ட ஒரு வெறகு வாங்காத இவுங்களுக்கா இந்தப் பாடு?" என்று அக்கா கத்தினாள். "தண்ணிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? வுடு" என்றார்.

2012 வைகாசியில் தீமிதிக் கூட்டம் கோயிலில் நடந்தது. மரமெல்லாம் போய்விட்டதே, இந்த வருஷம் தீமிதி வேண்டாமே என்று சிலர் இழுத்தார்கள். "வெறகுக்கா பஞ்சம்?" என்றார் தில்லைநாதன். சிரிக்கிற விஷயமா அது? ஆனாலும் எல்லாரும் சிரித்துவிட்டோம். அப்புறம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். புயலில் மிலிட்டரி செய்த உதவியை ஊர் மறக்காது, தீமிதி அன்று அவருக்கு மாலை போட்டுப் பரிவட்டம் கட்ட வேண்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் மனசு குளிர்ந்தது. மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மாலய விருந்தாளிக்குப் போடுவாங்க மாமா. நான் இந்த ஊருக்கு நேத்தா வந்தேன்? இன்னும் விருந்தாளியா? எனக்குப் பரிவட்டமெல்லாம் வாணாம். எங்கிட்ட ஒரு வெறகு வாங்கிக்குங்க. போதும்."

பின்வரிசையில் ஒருத்தர் முணுமுணுத்தார், "ஒரு மாப்ளைக்குக் குடுத்தா ஊர்ல இருக்கற எல்லா மாப்ளையும் கேப்பான்." இன்னொருவர் ஆமாம் போட்டார். புதுத் தலைக்கட்டு சேர்ப்பதென்றால் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். தில்லைநாதன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். மாமா மெல்லப் படியிறங்கிப் போனார். அந்தக் கால் படியில் டொக் டொக்கென்று இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் விடுவேனா? மறுநாள் காலையில் தில்லைநாதன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "இந்த வருசம் எங் கொழா கத்தாது. வேற செட்டு பாத்துக்குங்க."

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஒங் கொழா கத்தணும்டா. இந்த வருசம் கண்டிப்பா கத்தணும். கெழக்குத் தெரு பக்கம் பாத்து ஒண்ணு ஜாஸ்தியா கட்டு."

கோபத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அக்காவிடம் சொன்னதற்கு, "கோயில் காரியம், கட்டிட்டுப் போ" என்றாள். கட்டினேன்.

முதல் நாள் வண்டி வந்தது. பம்பை கிழக்குத் தெருவில் நுழைந்தபோது வேப்பமரத்தடியில் நாற்காலி இல்லை. மாமா உள்ளே படுத்திருந்தார். அவர் வண்டியைப் பார்க்க உட்காராத வருஷம் அதுதான். சுவரோரம் பெரியவனின் அடிமரத்திலிருந்து வெட்டிய ஒரு விறகு சாத்தியிருந்தது. எப்போது வெட்டினார், எதற்கு வெட்டினார் என்று நான் கேட்கவில்லை. உத்திராபதி மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே போனான்.

தீமிதி அன்று காலை. குழியில் விறகு அடுக்கியாகிவிட்டது. விறகு போடாதவர்கள் பெயரைச் சொல்ல நான் மைக்கை எடுத்தேன். தில்லைநாதன் வந்து கையை நீட்டினார். "குடு, இன்னிக்கி நான் சொல்றேன்." அவர் ஒரு நாளும் மைக்கைத் தொட்டதில்லை. வழக்கம்போல் வடக்குத் தெருவில் ஆரம்பித்தார், மேலத் தெருவில் ஒரு பெயர் சொன்னார். அப்புறம் ஒரு மூச்சு விட்டார்.

"கெழக்குத் தெரு பக்கிரிசாமி! நம்ம ஊரு கெழக்குத் தெரு பக்கிரிசாமி ஊட்டு வெறகு இன்னும் வந்து சேரல. மிலிட்டரில இருந்தா ஊருக்குக் கட்டுப்பட மாட்டியா? காலக் காட்டி காரணம் சொல்ற வேலயெல்லாம் ஆத்தாகிட்ட வாணாம். ஊரே ஒருத்தருக்காவ காத்துகிட்டு கெடக்கணுமா? ஒடனே கொண்டாந்து போடு!"

குழியைச் சுற்றி நின்றவர்கள் மைக் பக்கம் திரும்பினார்கள். கிழவன் கிழவன்தான். தலைக்கட்டு சேர்க்கத்தான் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். விறகு போடாதவனைத் திட்ட யாரைக் கேட்க வேண்டும்? இல்லை, அவன் நம்ம ஊரே இல்லை என்று சொல்ல நினைப்பவன் மைக்கில் வந்து சொல்லட்டும். அந்தக் கூட்டத்தில் முணுமுணுத்த இருவரையும் பார்த்தேன். ஒருத்தர் வாயைத் திறந்தார். எதிரே தண்ணீர்த் தொட்டி தெரிந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார்.

வீட்டில் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். பெயர் கேட்டதும் விறகு போடாத வீட்டுப் பெண்களுக்கு வருகிற அதே பதைப்பு அவளுக்கும். "அய்யய்யோ, மானம் போவுதே, எழுந்து போங்க" என்று அவரை உலுக்கியிருக்கிறாள். அப்புறம்தான் என்ன சொன்னார்கள் என்பது உறைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா அதற்குள் காலை மாட்டிக்கொண்டிருந்தாராம். அவசரத்தில் வாரைப் பூட்ட வரவில்லை, அவள்தான் பூட்டிவிட்டாள்.

தெருமுனையில் அவர் தலை தெரிந்தது. தோளில் பெரியவன். உத்திராபதி ஓடிப்போய் ஒரு முனையைப் பிடிக்கப் பார்த்தான், மாமா தோளைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பக்கமும் ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. யாரோ, "பாத்து வா மிலிட்டரி, வெறகு போடாதவனுக்கெல்லாம் இன்னிக்கி மோர் கெடையாது" என்று கிண்டல் செய்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். விறகு போடாத எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. மாமா குழிக்கு நேராகப் போகவில்லை. மைக் இருந்த கொட்டகைக்கு வந்தார். வேர்த்துக் கொட்டியது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"மச்சான், இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."

"அதான் வெறகு வந்துட்டுதே மாமா."

"இன்னும் போடலல்ல? சொல்லச் சொல்லு."

தில்லைநாதன் அவரை ஒரு பார்வை பார்த்தார். மைக்கை எடுத்தார். நான் வால்யூமைக் கடைசி வரைக்கும் திருப்பினேன், வடலூர் வரைக்கும் கேட்கட்டும் என்று. பெயரையும் தெருவையும் ஊரையும் சேர்த்து, முன்னைவிட மோசமாகத் திட்டினார். தோளிலிருந்து விறகை இறக்காமல், நிமிர்ந்து நின்று, மாமா முழுக்கக் கேட்டார்.